புது ஃபிளாட்: வார்த்தைக்கு என்ன விலை?

சதுர அடிக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் ஒப்பந்தத்தில் உள்ள சொற்களுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2022 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி. டெல்லியை ஒட்டிய நொய்டாவில் 93ஏ செக்டார். சுமார் 3,700 கிலோ வெடிமருந்து நிரப்பப்பட்ட இரண்டு கோபுரங்கள், குதுப் மினாரைவிட உயரமானவை, சில விநாடிகளில் தூசி மேகமாகச் சரிந்தன. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஏன் இடித்தார்கள் என்பது இன்று பலருக்கு ஞாபகம் இருக்காது. முதலில் அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் தோட்டம் என்று காட்டப்பட்டிருந்தது. அதை நம்பிப் பக்கத்துக் கட்டடங்களில் வீடு வாங்கியவர்களின் சம்மதத்தைக் கேட்காமலே தோட்டத்தின் மேல் கோபுரங்கள் எழுந்தன. 2012-ல் குடியிருப்போர் சங்கம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் படியேறியது. 2014-ல் இடிக்கும்படி தீர்ப்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வரைபடத்தில் இருந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது ஆண்டு வழக்கு. நடுத்தர வர்க்கத்துக் குடும்பம் ஆயுளில் செய்கிற மிகப் பெரிய செலவு வீடு. புடவைக் கடையில் முந்தானையை விரித்துப் பார்த்து வாங்குகிறவர்கள், எழுபது லட்சம் ரூபாய் ஒப்பந்தத்தின் ஐம்பது பக்கங்களைப் புரட்டாமல் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆங்கிலச் சொற்கள் அச்சுறுத்துவது ஒரு காரணம். தெரிந்த சொற்கள்தானே என்ற நினைப்பு இன்னொரு காரணம். இரண்டாவதுதான் அதிக ஆபத்து. ‘ஏரியா’, ‘பொசெஷன்’, ‘அப்ரூவ்டு’ எல்லாம் தெரிந்த சொற்களே. ஆனால் பில்டர் சொல்லும் பொருள் ஒன்று, வாங்குபவர் நினைக்கும் பொருள் வேறு.

2016-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2017 மே முதல் தேதியிலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (பேச்சு வழக்கில் ‘ரெரா’) இந்தச் சொற்களில் சிலவற்றுக்குப் பொருளை நிர்ணயித்துவிட்டது. மீதியை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை சதுர அடி?

விளம்பரத்தில் 1,200 சதுர அடி, இரண்டு படுக்கை அறை, சதுர அடி 6,000 ரூபாய் என்று ஒரு ஃபிளாட் வருவதாக வைத்துக்கொள்வோம். விலை 72 லட்சம். இந்த 1,200 பெரும்பாலும் ‘சூப்பர் பில்ட்-அப் ஏரியா’. அதாவது வீட்டின் பரப்பு மட்டுமல்ல. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, வாட்ச்மேன் அறை, கிளப் ஹவுஸ் என்று எல்லோருக்கும் பொதுவான இடங்களில் ஒரு பங்கும் அதில் சேர்ந்திருக்கிறது. எந்த இடங்களைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதற்குச் சட்டத்தில் இலக்கணம் கிடையாது. பில்டருக்குப் பில்டர் மாறும். இந்தக் கூடுதல் சுமைக்குத் தொழிலில் ‘லோடிங்’ என்று பெயர்.

‘பில்ட்-அப் ஏரியா’ அதற்கு ஒரு படி கீழே. வெளிச்சுவர்களின் கனம், பால்கனி ஆகியவை சேர்ந்த பரப்பு. அதற்கும் கீழே உள்ளது ‘கார்ப்பெட் ஏரியா’. ஜமுக்காளம் விரிக்கக்கூடிய இடம் என்பது பழைய விளக்கம். ரெரா சட்டம் இதைத் துல்லியமாக வரையறுத்திருக்கிறது: வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய நிகரத் தளப்பரப்பு. உள்தடுப்புச் சுவர்கள் நிற்கும் இடம் இதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் ‘ஷாஃப்ட்’, அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, வராந்தா, திறந்த மொட்டை மாடி ஆகியவை சேராது.

அந்த 1,200 சதுர அடி வீட்டின் கார்ப்பெட் ஏரியா 850 என்று இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. உண்மையில் சதுர அடிக்குக் கொடுப்பது 6,000 அல்ல, சுமார் 8,470 ரூபாய். எதிர்த் தெருவில் சதுர அடி 6,500 என்று விளம்பரம் செய்யும் இன்னொரு 1,200 சதுர அடி ஃபிளாட்டில் கார்ப்பெட் ஏரியா 950 இருக்கலாம். அதன் மொத்த விலை 78 லட்சம், கார்ப்பெட் கணக்கில் சுமார் 8,210. அதிக விலை என்று ஒதுக்கிய வீடுதான் மலிவு. இரண்டு வீடுகளை ஒப்பிட ஒரே வழி, இரண்டின் மொத்த விலையையும் ரெரா கார்ப்பெட் ஏரியாவால் வகுத்துப் பார்ப்பதுதான். அந்தப் பரப்பைத் தெரிவிக்க வேண்டியது பில்டரின் சட்டக் கடமை. கேட்டால் மழுப்புகிறவரிடம் வேறு கேள்வி கேட்க வேண்டிய அவசியமில்லை.

காலடி மண்

நான்காவது மாடியில் வீடு வாங்குபவருக்கு நிலம் எங்கே இருக்கிறது? ‘யுடிஎஸ்’ என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடம் வருடா வருடம் தேய்கிற சரக்கு. விலை ஏறுவது மண்தான். நாற்பது ஆண்டு கழித்துக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது கையில் மிஞ்சுவது இந்தப் பங்கு மட்டுமே.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுவதற்குத் தனியே ஒரு ஒப்பந்தம் என்று இரண்டாகப் பதிவு செய்வதுதான் அங்கே நீண்ட கால வழக்கம். 2023 டிசம்பரிலிருந்து நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. ஆனாலும் பத்திரத்தில் உள்ள நிலப் பங்கின் அளவைச் சரிபார்க்கும் வேலை குறையவில்லை.

12,000 சதுர அடி மனையில் ஒரே அளவுள்ள 24 ஃபிளாட்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 500 சதுர அடி நிலப் பங்கு வர வேண்டும். பத்திரத்தில் 400 என்று இருந்தால்? தலைக்கு நூறு சதுர அடிதானே என்று தோன்றும். இருபத்துநான்கு வீட்டுக்கும் சேர்த்தால் 2,400 சதுர அடி. முழுசாக ஒரு கிரவுண்டு, பில்டர் பெயரிலேயே நிற்கிறது. நாளைக்கு அரசு கட்டட அளவு விதிகளைத் தளர்த்தினால் மேலே இன்னொரு மாடி எழுப்ப உரிமை கோரவும், மறுகட்டுமானத்தின்போது பங்கு கேட்கவும் அந்த ஒரு கிரவுண்டு போதும். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனையின் பரப்பு வருகிறதா என்று பார்க்க ஒரு கால்குலேட்டர் போதுமானது.

அனுமதி என்றால் எது?

‘அப்ரூவ்டு’ என்று விளம்பரப் பலகை சொல்லும். யார், எதற்கு அனுமதி கொடுத்தது என்று சொல்லாது. வங்கி கடன் தரச் சம்மதித்தது ஓர் அனுமதி. மனைப் பிரிவுக்கு அனுமதி வேறு. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வேறு. ரெரா பதிவு எண் வேறு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

ரெரா எண் இல்லாமல், பதிவு செய்ய வேண்டிய திட்டத்தை விளம்பரப்படுத்துவதே குற்றம். ஆனால் சட்டத்தின் வாசகப்படி, மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ (ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு), ஃபிளாட்கள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. தெருவுக்குத் தெரு எழும் சிறிய அடுக்குமாடிகள் பல இந்த ஓட்டை வழியாக வெளியே நிற்கின்றன. அங்கே வாங்குபவருக்கு மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் நல்ல வக்கீலும்தான் துணை.

பதிவான திட்டத்தில் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கணிசமானது. வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். என்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்றளித்த பிறகே, வேலை நடந்த அளவுக்கு அதிலிருந்து எடுக்கலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. வரைபடத்தையோ பொது இடங்களையோ மாற்ற வேண்டுமானால், வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். நொய்டாவின் தோட்டத்தை இன்று யாராவது தொட நினைத்தால் முதலில் இந்தப் பிரிவைத் தாண்டியாக வேண்டும்.

சாவி கையில், வீடு?

‘பொசெஷன்’ என்பதுதான் மிக அதிகமாக ஏமாற்றுகிற சொல். மரவேலை செய்துகொள்ளுங்கள் என்று பில்டர் சாவியை நீட்டுவதற்கு ‘ஃபிட்-அவுட் பொசெஷன்’ என்று பெயர். வேலை முடியுமுன்பே, பாக்கித் தவணையை வசூலிப்பதற்காகக் கடிதம் அனுப்புவதுண்டு. அது காகிதத்தில் மட்டுமே பொசெஷன். சட்டம் மதிக்கும் பொசெஷனுக்கு முன்னால் ஒரு காகிதம் வந்தாக வேண்டும்.

கட்டடம் அனுமதித்த வரைபடப்படி முடிந்திருக்கிறது என்று உள்ளாட்சியோ வளர்ச்சிக் குழுமமோ தருவது ‘கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்’, பணி நிறைவுச் சான்றிதழ். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், தீத்தடுப்பு வசதிகளோடு மனிதர் குடியிருக்கத் தகுந்தது என்பது ‘ஆக்குபன்ஸி சர்டிஃபிகேட்’, குடியிருப்புச் சான்றிதழ். சில மாநிலங்களில் இரண்டும் ஒன்றாகவே வரும், சிலவற்றில் தனித்தனி.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையின் ஒரு வீட்டுவசதிச் சங்கம் சாட்சி. அதன் உறுப்பினர்கள் 1997-ல் குடியேறினார்கள். குடியிருப்புச் சான்றிதழைப் பில்டர் வாங்கித் தரவில்லை. மாநகராட்சி அவர்களிடம் 25 சதவீதம் அதிக சொத்து வரியும் 50 சதவீதம் அதிகத் தண்ணீர்க் கட்டணமும் வசூலித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2022 ஜனவரியில், சான்றிதழ் தராதது சேவைக் குறைபாடே என்றும் அது தொடர்ந்து நடக்கும் தவறு என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: சான்றிதழ் பெற்ற பிறகே பில்டர் வீட்டை ஒப்படைக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகே மின்சாரம், தண்ணீர் இணைப்புகள் தரப்பட வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும்.

சான்றிதழ் வந்த பிறகும் ஒரு கெடு உண்டு. வீட்டைக் கண்ணில் பார்த்தவுடன் குறைகளை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. கட்டமைப்பிலோ, வேலைத் தரத்திலோ ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் குறை தெரியவந்தால், சொன்ன 30 நாட்களுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தங்களில் ‘டிஃபெக்ட் லயபிலிட்டி’ என்று வருவது இதுதான். அற்ப விஷயமல்ல. 2022 பிப்ரவரியில் குர்கான் 109-ஆவது செக்டாரில், மக்கள் குடியிருந்துகொண்டிருந்த ஒரு கோபுரத்தின் தளங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து இருவர் இறந்தார்கள்.

விலையின் வால்

விளம்பரத்தில் வரும் ‘பேஸிக் பிரைஸ்’ தலை மட்டுமே. வால் பின்னால் வரும். மேல் மாடிக்குப் போகப் போக ‘ஃப்ளோர் ரைஸ்’. பூங்காவையோ சாலையையோ பார்த்த வீடு என்றால் ‘பிஎல்சி’, அமைவிடத்துக்கான தனிக் கட்டணம். எதிர்காலப் பெரிய செலவுகளுக்கு ‘கார்ப்பஸ் ஃபண்ட்’. பராமரிப்புக்கு முன்பணம். இவற்றுக்கு மேல் முத்திரைத் தாள், பதிவுக் கட்டணம்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 2019 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். 45 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத, குறிப்பிட்ட கார்ப்பெட் ஏரியாவுக்கு உட்பட்ட (பெருநகரங்களில் 60 சதுர மீட்டர், மற்ற ஊர்களில் 90) வீடுகளுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 72 லட்சம் வீட்டில் இந்த ஒரு வித்தியாசமே 3,60,000 ரூபாய். முடிந்த வீட்டுக்குச் சற்று அதிக விலை சொன்னாலும், இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கார் நிறுத்தும் இடத்துக்கும் தனி விலை சொல்வதுண்டு. திறந்தவெளியிலும் கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு நடுவிலும் உள்ள இடம் பொதுச் சொத்து, பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரெரா சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொது இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

கடனிலும் சொற்கள் காத்திருக்கின்றன. வீடு முடியும்வரை, வங்கி இதுவரை கொடுத்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவது ‘ப்ரீ-இஎம்ஐ’. எத்தனை மாதம் கட்டினாலும் அசலில் ஒரு ரூபாய் குறையாது. ‘பொசெஷன் வரை இஎம்ஐ இல்லை’ என்று அழைப்பது ‘சப்வென்ஷன்’ திட்டம். அதுவரை வட்டியைப் பில்டர் கட்டுவார் என்பது ஏற்பாடு. கடன் என்னவோ வாங்குபவர் பெயரில்தான். பில்டர் நிறுத்திவிட்டால் வங்கி தேடி வருவது வாங்குபவரை. டெல்லி வட்டாரத்தில் இப்படிச் சிக்கியவர்களின் வழக்கில், பில்டர்களுக்கும் வங்கிகளுக்கும் இடையிலான உறவை சிபிஐ விசாரிக்க வேண்டுமென 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஊருக்கு ஒரு சொல்

பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று சென்னையில் பழகியவர் வேலை நிமித்தம் வேறு ஊருக்குப் போனால் புது அகராதி தேவைப்படுகிறது. பெங்களூரில் ‘காதா’. அது சொத்து வரிக்கான பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல. அதிலும் ‘பி-காதா’ என்பது அனுமதியிலோ விதிகளிலோ குறை உள்ள சொத்துக்களிடமும் வரி வசூலிப்பதற்காக ஏற்பட்ட தனிப் பதிவேடு. வரி ரசீது இருப்பதால் குறை தீர்ந்துவிடாது. மும்பையில் ‘கன்வேயன்ஸ்’. ஃபிளாட்டை வாங்கியாயிற்று, நிலம் இன்னும் சங்கத்தின் பெயருக்கு மாறவில்லை என்ற நிலையில் பல கட்டடங்கள் பல ஆண்டுகள் நின்றதால், பில்டர் ஒத்துழைக்காவிட்டாலும் மாற்றிக்கொள்ள 2008-ல் மகாராஷ்டிரம் வழி செய்தது. நொய்டாவில் ‘லீஸ்-ஹோல்டு’. நிலம் ஆணையத்துடையது, வாங்குபவருக்குக் கிடைப்பது 90 ஆண்டுக் குத்தகையில் மீதமுள்ள காலம்.

தாமதத்தின் இலக்கணம்

பழைய ஒப்பந்தங்களில் நியாயம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. குர்கான் வழக்கு ஒன்றில், தவணை தாமதமானால் வாங்குபவர் 18 சதவீத வட்டி கட்ட வேண்டும். வீடு தாமதமாகி அவர் விலகினால் பில்டர் திருப்பித் தர வேண்டியது 9 சதவீதம். இத்தகைய ஒருதலைப்பட்ச ஷரத்துக்கள் வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரெரா சட்டத்தின் கீழ் இரு தரப்புக்கும் ஒரே வட்டிதான். சொன்ன தேதியில் வீடு வரவில்லையென்றால் வட்டியுடன் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், அல்லது தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வாங்குபவர் கையில்.

இதிலிருந்து பில்டர் நழுவப் பயன்படும் சொல் ‘ஃபோர்ஸ் மெஷர்’, தம் சக்திக்கு மீறிய காரணம். சிமெண்ட் தட்டுப்பாடு, ஆள் கிடைக்காதது, அரசு அனுமதி தாமதம் என்று ஒப்பந்தத்தில் இதன் கீழ் நீண்ட பட்டியல் இருக்கும். சட்டம் கொடுத்துள்ள பட்டியல் சிறியது: யுத்தம், வெள்ளம், வறட்சி, தீ, புயல், பூகம்பம், அல்லது திட்டத்தைப் பாதிக்கும் பிற இயற்கைப் பேரிடர்.

தீர்ப்பு கிடைப்பதும் பணம் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ரெரா உத்தரவிட்ட தொகையை நில வரி பாக்கி போல வசூலித்துத் தர வேண்டியது வருவாய்த் துறை. பில்டர் கம்பெனியே திவாலானால் நிலைமை இன்னும் சிக்கல். 2017-ல் டெல்லிக்கு அருகே ஒரு பெரிய நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனபோது, 20,000-க்கும் மேற்பட்ட வாங்குபவர்களுக்குக் கடன்காரர்கள் குழுவில் இடமே இல்லை. மறு ஆண்டு சட்டத்தைத் திருத்திய பிறகே அவர்கள் வங்கிகளுக்குச் சமமாக ‘நிதிக் கடன்கொடுத்தோர்’ ஆனார்கள்.

கையெழுத்துக்கு முன்

• மொத்த விலையை, வரிகளும் கட்டணங்களும் சேர்த்து, எழுத்தில் வாங்கி ரெரா கார்ப்பெட் ஏரியாவால் வகுத்துப் பாருங்கள்.
• எல்லா ஃபிளாட்களின் நிலப் பங்கையும் கூட்டினால் மனையின் பரப்பு வருகிறதா என்று பாருங்கள்.
• மாநில ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைத் தேடி, அங்குள்ள வரைபடமும் முடிக்கும் தேதியும் ஒப்பந்தத்தில் உள்ளவையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.
• விளம்பரக் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் உள்ள பொய்யான வாக்குறுதிக்கும் நஷ்டஈடு கேட்கலாம்.
• 10 சதவீதத்துக்கு மேல் பணம் கேட்டால், முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.
• குடியிருப்புச் சான்றிதழின் நகலைப் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

நொய்டா தீர்ப்பில், வெடிமருந்தின் சத்தத்தில் மறைந்துபோன ஒரு விவரம் உண்டு. குடியிருப்போர் சங்கத்தார் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, ஆணையம் அதைக் கொடுக்காமல், கொடுக்கலாமா என்று பில்டரிடமே சம்மதம் கேட்டது. தங்கள் வீட்டின் வரைபடத்தைப் பார்ப்பதற்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. இன்று அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை என்று ரெராவின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. பல மாநிலங்களில் வீட்டிலிருந்தபடியே இணையதளத்தில் விரித்துப் பார்த்துவிடலாம். அன்று கேட்டும் கிடைக்காத காகிதம், இன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது.